பிடித்தம் மட்டுமே கோவில்பட்டிக்கு வருகிறது

கோவில்பட்டியில் ஏப்ரல் வெயிலில் செய்த தீப்பெட்டி ஒன்று ஜூலை மழையில் குவாஹாட்டியின் டீக்கடை ஒன்றில் திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உரசுகிறார். தலை மருந்து மாவாக உதிர்கிறது. மூன்றாவது குச்சியில்தான் அடுப்பு பற்றுகிறது. அவர் மளிகைக்காரரைத் திட்டுகிறார். மளிகைக்காரர் மொத்த வியாபாரியிடம் சொல்கிறார், அவர் விநியோகஸ்தரிடம், விநியோகஸ்தர் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில், கிளை அலுவலகம் கொள்முதல் பிரிவில். இத்தனை படி தாண்டிக் கோவில்பட்டிக்கு வந்து சேரும்போது அந்தப் புகார் ஒரு டெபிட் நோட்டாக இளைத்திருக்கும்: இன்ன பில்லில் இவ்வளவு ரூபாய் பிடித்தம். எந்த ஊர், எந்த மாதம், கெட்டது தலை மருந்தா, பெட்டியின் பக்க மருந்தா, அட்டை ஈரம் குடித்துவிட்டதா என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது.

இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் கோவில்பட்டியில்தான் இருக்கிறார். தலை மருந்து கலப்பவர் அவர். வச்சிரப் பசையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தச் சூட்டில் உருக்குவது, எந்தப் பதம் வந்ததும் பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் கண்ணாடித் தூளையும் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அசாமுக்குப் போகிற சரக்கு, மழை மாதத்தில் விற்கப்போவது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கலவையை அதற்கேற்ப மாற்றியிருப்பார். பெட்டிகளை இன்னொரு தாள் சுற்றி அனுப்பலாம் என்றும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. பிடித்தத் தொகை மட்டும் ஆலைக்காரரின் கணக்கில் ஏறியது.

வெளியாரிடம் சரக்கு வாங்கித் தன் பெயரில் விற்கும் நிறுவனம், அந்த வெளியாரின் அறிவையும் சேர்த்து வாங்குகிறதா? மேலாண்மைப் பாடப் புத்தகங்கள் ஆமாம் என்கின்றன. சரக்கு கொடுப்பவர் ‘பங்காளி’, அவரிடம் கற்பது நிறுவனத்துக்கு லாபம் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவைத்திருக்கிறார்கள். கரிசல் காட்டில் பார்த்தால் கதை வேறு. இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. அது மேலே ஏறிப் போகாததற்குக் காரணம், சொன்னால் நஷ்டம் என்று செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருப்பதுதான்.

இந்தத் தொழில் பிறந்ததே அறிவைத் தேடிப் போனதில்தான். 1922-இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்று ஊர் திரும்பினார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில், 1923-இல், ஸ்வீடனின் தீப்பெட்டிக் குழுமம் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கியது. நாம் விம்கோ என்று அறிந்தது அதைத்தான். அந்தப் பக்கம் ஐரோப்பிய இயந்திரமும் பெரும் மூலதனமும் இருந்தன. இந்தப் பக்கம் வறண்ட காற்று, மழை பொய்த்தால் வேலையற்றுப் போகும் கைகள், பிற்பாடு சிறு உற்பத்தியாளருக்குக் கலால் வரியில் கிடைத்த சலுகை. சிவகாசியில் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. இயந்திரத்தால் கையை ஒழிக்க முடியவில்லை. விம்கோவின் ஆலை இருந்த திருவொற்றியூரில் இன்று மெட்ரோ ரயில் நின்று போகிற ஒரு நிலையத்துக்கு அதன் பெயர் இருக்கிறது.

ஐ.டி.சி. நிறுவனம் 2002-இல் தீப்பெட்டி வியாபாரத்தில் இறங்கியபோது, சிறுதொழில் ஆலைகளிடம் வாங்கித் தன் பெயரில் விற்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஊதுபத்திக்கும் அதே வழிதான். 2005-இல் விம்கோவும் அதன் கைக்கு வந்தது. சிறிய அளவில் இந்த ஏற்பாடு அதற்கு முன்பே இங்கே உண்டு. லேபிள் ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது. வடக்கே விற்கும் எத்தனையோ பெயர்களுக்குப் பின்னால் இருப்பது கோவில்பட்டி வட்டாரத்து ஏதோ ஒரு கிராமத்து ஆலை. விற்பவருக்குச் சந்தை தெரியும், செய்பவருக்குச் சரக்கு தெரியும். இரண்டும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம்.

செய்பவருக்குத் தெரிந்தது என்ன என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தீப்பெட்டியை அற்பப் பொருளாக நினைப்பவர்களுக்கு இது புரியாது. குச்சிக்கு மென்மரம் வேண்டும். மட்டி, பெருமரம் போன்ற மரங்களை இழைத்துக் கேரளத்திலிருந்து குச்சியாகவே வரும். குச்சி நன்றாகக் காயாவிட்டால் மெழுகு உள்ளே இறங்காது. மெழுகு இறங்காவிட்டால் தலை எரிந்து முடிந்ததும் நெருப்பு குச்சிக்குத் தாவாமல் அணைந்துவிடும். உரசியவர் மருந்தைக் குறை சொல்வார், குற்றம் மரத்தில் இருக்கும். எரிந்து முடிந்த குச்சி கங்காகக் கனன்றுகொண்டிருந்தால் ஆபத்து, அதற்காகக் குச்சியை ரசாயனத்தில் நனைக்க வேண்டும். பக்க மருந்தில் செம்பாஸ்பரஸ் குறைந்தால் பற்றாது, கூடினால் செலவு தாங்காது. வச்சிரம் காற்றின் ஈரத்தை இழுக்கும் பண்டம். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் நேற்றைய பதம் இன்றைக்கு உதவாது. இத்தனையும் சேர்ந்து ஒழுங்காக அமைந்த பெட்டிக்குக் கடையில் விலை இரண்டு ரூபாய்.

இதில் பெரும்பகுதியை முதலில் அறிவது ஆலை முதலாளி கூட இல்லை. குச்சி வளைந்திருக்கிறது, கனம் ஒன்றுபோல் இல்லை என்பது குச்சிகளைச் சட்டத்தில் கோத்துக் கட்டை அடுக்கும் பெண்களின் விரலுக்குத்தான் முதலில் தெரியும். பெட்டி அடைக்கும் பெண்ணுக்கு, இந்த லோடு அட்டை நமுத்திருக்கிறது, உள்பெட்டி இறுகுகிறது என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அவர் அதை ஏன் சொல்ல மாட்டார் என்றால், கூலி எண்ணிக்கைக்கு. எழுந்து போய் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வருவதற்குள் சில பெட்டிகளின் கூலி போய்விடும். சொன்னாலும், “அடைக்க முடிந்தால் அடை, இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கு” என்ற பதில் வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே பெரிய நிறுவனங்கள் நம்மிடம் கேட்பதில்லை என்று குறைப்படும் ஆலைக்காரர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் ஆலைக்குள் நீங்கள் கேட்கிறீர்களா? மேலே அடைபட்டிருக்கும் அதே வழி கீழேயும் அடைபட்டுத்தான் கிடக்கிறது.

சொன்னால் நஷ்டம் என்றேன். எப்படி நஷ்டம்? ஓர் ஆலைக்காரர் மெழுகைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும் வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதை வாங்கும் நிறுவனத்திடம் சொன்னால் இரண்டு காரியம் நடக்கும். அடுத்த விலைப் பேச்சில், ‘உங்களுக்குத்தான் செலவு குறைந்துவிட்டதே’ என்று அந்த மிச்சம் அப்படியே கழிக்கப்படும். அடுத்த மாதம் பக்கத்து ஊர் ஆலைக்கும் அந்த வழி கற்றுத்தரப்பட்டிருக்கும், அதுவும் ‘எங்கள் தொழில்நுட்பப் பிரிவின் யோசனை’ என்ற பெயரில். இது தெரிந்தவர் வாயைத் திறப்பாரா? அவர் ரகசியத்தைக் காப்பது குணக்கேடு இல்லை. இந்தக் கணக்கில் அதுதான் புத்திசாலித்தனம்.

விலைப் பேச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஊரறிந்த சாட்சி உண்டு. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிய தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று. இடையில் 14 ஆண்டுகள். அந்த 2021-இல் மட்டும் செம்பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-இலிருந்து 80-க்கும் போனதாக உற்பத்தியாளர்கள் கணக்குக் கொடுத்தார்கள். 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2020 ஏப்ரலில் கையால் செய்யும் தீப்பெட்டிக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. அதே மாற்றத்தில் இயந்திர ஆலைகளுக்கு 18-இலிருந்து 12-ஆகக் குறைந்தது. அடுத்து பிளாஸ்டிக் லைட்டர் வந்து விற்பனையை அரித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை போட்ட பிறகும் அந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை. இத்தனைக்கும் நடுவே தொழில் பிழைத்துக் கிடந்தது எப்படி? கலவையில், அட்டையில், அடுக்கும் முறையில் ஆயிரம் சின்னச் சின்னச் சிக்கனங்களால். ஒவ்வொன்றும் ஓர் அறிவு. எதுவும் எழுதிவைக்கப்படவில்லை, யாரிடமும் பகிரப்படவில்லை.

இதே மண்ணில் நூறாண்டுக்கு முன் இதே கூத்து பருத்தியில் நடந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு ‘டின்னீஸ்’ என்று லிவர்பூல் சந்தை வரை பெயர் இருந்தது. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை நடத்திய ஹார்வி சகோதரர்களுக்கும் அதுதான் ஆதாரம். கருங்கண்ணி போன்ற நல்ல ரகங்களுக்கு நடுவே புளிச்சை என்ற ரகம் புகுந்தது. புளிச்சையின் இழை குட்டை, சொரசொரப்பு. ஆனால் அரைத்தால் பஞ்சு கூடுதலாக விழும். தரகரும் கமிஷன் கடையும் விலை கொடுத்தது எடைக்கு, இழையின் நீளத்துக்கு இல்லை. சம்சாரி, அதாவது விவசாயி, என்ன செய்வார்? புளிச்சையைக் கலந்தார். ஆலைக்காரர்கள் தரம் கெட்டுவிட்டது என்று அலறினார்கள். கடைசியில் 1932-இல் சென்னை மாகாணம் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட வேண்டிவந்தது. எது நல்ல பருத்தி என்று சம்சாரிக்குத் தெரியாமலா இருந்தது? வழிநெடுக அந்த அறிவுக்கு விலை வைக்க ஆள் இல்லை. விலை வைக்காத அறிவு சந்தைக்கு வராது. சட்டத்தைக் கொண்டு புளிச்சையை ஒடுக்கலாம், சம்சாரியைப் பேசவைக்க முடியாது.

ஜப்பானின் டொயோட்டா கதையை இந்த இடத்தில் எல்லாரும் இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான சின்ன வால்வு ஒன்று ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாரானது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். டொயோட்டாவின் ஆலைகள் வரிசையாக நின்றன. உடனே மற்ற சப்ளையர்கள், அந்த வால்வைச் செய்தே பழக்கமில்லாதவர்கள், வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய் அவரவர் பட்டறையில் செய்யத் தொடங்கினார்கள். தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனம்கூடச் செய்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. விலை என்ன, காசு எப்போது என்று முதல் நாளில் யாரும் பேரம் பேசவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பேரம் பேசத் தேவையில்லாத அளவுக்கு அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் பேச்சு சுத்தமாக இருந்தது. சப்ளையர் சொன்ன யோசனையில் வரும் மிச்சத்தில் அவருக்கும் பங்கு, ஆர்டர் நீண்ட காலத்துக்கு. இந்த இரண்டும் இல்லாமல் ‘கற்றல்’ பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் பயனில்லை.

எதிர்முனைக்குப் போயிங். 787 ரக விமானத்தின் பெரும்பகுதியை வெளியாரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னது. விமானம் மூன்று ஆண்டுக்கு மேல் தாமதமாக, 2011-இல்தான் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது. இடையில், உடல்பகுதி செய்து கொடுத்த வாட் நிறுவனத்தின் தென் கரோலினா ஆலையை 2009-இல் போயிங் தானே விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. வெளியே கொடுத்த வேலையோடு அந்த வேலையைப் புரிந்துகொள்ளும் ஆட்களையும் வெளியே விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் இதைக் கோட்பாடாகவே சொன்னார்கள்: பிறருடைய அறிவை உள்வாங்க, அதே துறையில் ஓரளவு சொந்த அறிவு முன்பே இருக்க வேண்டும். வச்சிரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தறியாத கொள்முதல் மேலாளரிடம் கோவில்பட்டிக்காரர் எத்தனை சொன்னாலும் அது காதில் விழுமே தவிர, புரியாது. அவருக்குப் புரிவது எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை.

நல்ல சேதி மட்டும் மேலே போகாமல் இருந்தால் பரவாயில்லை. கெட்ட சேதியும் போவதில்லை, அதுதான் ஆபத்து. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகு நிலைமை பெரிதும் மாறியது உண்மை. பள்ளிக்கூடமும் சத்துணவும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் அதில் பங்கு பெற்றன. ஆனால் பெயர் பெற்ற நிறுவனங்கள் இதிலிருந்து கற்றது தணிக்கை என்ற ஒன்றை. ஆய்வாளர் வருவார், படிவத்தில் டிக் போடுவார், போவார். அவர் வரும் தேதி முன்பே தெரியும். அன்றைக்குத் தீயணைப்பு வாளியில் மணல் நிறைந்திருக்கும், கையுறை எல்லாருடைய கையிலும் இருக்கும். ‘எங்கள் மருந்து அறையில் காற்றோட்டம் போதவில்லை, மாற்ற இவ்வளவு செலவாகும், பாதியை நீங்கள் தாருங்கள்’ என்று ஓர் ஆலைக்காரர் உண்மையைச் சொன்னால் அவர் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். ஆகவே சொல்ல மாட்டார். தணிக்கை என்பது சப்ளையருக்கு மறைக்கக் கற்றுத்தரும் பள்ளிக்கூடமாகிப் போனது. தீ சம்பந்தப்பட்ட தொழிலில் மறைப்பதன் விலை உயிர் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் மாற வழியே இல்லையா என்றால், உண்டு. அதற்கான உதாரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் புழுதி விதைப்பு மானாவாரிச் சம்சாரிக்குப் பழக்கமான ஒன்று. எந்த வாரத்தில் விதைப்பது, விதையை எப்படிக் கடினப்படுத்துவது என்று மழைக் கணக்கோடு பொருத்திப் பார்த்து அதை முன்பருவ விதைப்பு என்ற முறையாக்கித் திருப்பிக் கொடுத்தது நிலையம். நிலையம் சரக்கு வாங்குவதில்லை, அதனால் அதனிடம் சொன்னால் விலை குறையும் என்ற பயம் சம்சாரிக்கு இல்லை. இதே போல மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, காகித ஆலைகளையும் தீக்குச்சி உற்பத்தியையும் மரம் வளர்க்கும் விவசாயிகளையும் ஒப்பந்தச் சாகுபடியில் இணைத்தது. குச்சிக்கு ஏற்ற மரம் எது, எத்தனை ஆண்டில் வெட்டலாம் என்ற கேள்விக்கு ஆலையும் விவசாயியும் சேர்ந்து பதில் தேட அங்கே இடம் கிடைத்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே லாபநோக்கு இல்லாத ஒரு மூன்றாம் ஆள் இருந்தால் பேச்சு சுலபமாகிறது. தீப்பெட்டித் தொழிலுக்கு அப்படி ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். மருந்துக் கலவையை மழைக்காலக் காற்றில் வைத்துச் சோதித்து, முடிவை ஆலைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் சொல்லும் ஒரு கூடம். அதற்குப் பெரிய கம்பெனிகள் பண்டலுக்குச் சில காசு வீதம் கொடுத்தால் போதும்.

கடலை மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 30-இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான். குறியீடு பெயரைக் காக்கும். வெல்லப் பாகின் கம்பிப் பதத்தையும், எந்தக் கடலையை எவ்வளவு வறுப்பது என்பதையும் அறிந்த கைக்கு அதனால் ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்கும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் இங்கே ஒரு நல்ல வேறுபாடு இருக்கிறது. மிட்டாய்க்காரர் கமிஷன் கடைக்குத் தானே போய், கடலையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, எந்த ஊர்ச் சரக்கு, எப்போது பறித்தது என்று விசாரித்து வாங்குகிறார். கெட்டால் கேட்பதும் நேராகத்தான். அவருக்கும் கடலைக்காரருக்கும் நடுவே டெபிட் நோட்டு இல்லை. சிறிய தொழில் கற்கும் வேகத்துக்கு அது ஒரு காரணம்.

பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புகாரைப் பிடித்தமாக மாற்றாமல் விவரத்தோடு அனுப்பட்டும்: எந்த ஊர், எந்த மாதம், எந்த லாட், முடிந்தால் கெட்ட பெட்டியையும் சேர்த்து. ஆலைக்காரர் சொன்ன யோசனையால் மிச்சமாகும் தொகையில் குறைந்தது பாதியை அவருக்கே இரண்டு ஆண்டுக்கு விட்டுவைப்போம் என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதட்டும். விலை பேச மார்ச் மாதம் வருகிற மேலாளர், மருந்து பிடிபடாத நவம்பர் மழையிலும் ஒரு முறை வந்து, மருந்து கலப்பவரோடும் கட்டை அடுக்கும் பெண்களோடும் உட்காரட்டும். ஆலைக்காரரும் அந்தப் பேச்சுக்கு ஆகும் நேரத்துக்குக் கூலி போடட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமே இருந்தாலும் இந்தச் சின்ன ஆலைகளுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடியாது என்று இன்னும் இறுக்கியது. இருந்தும், வாங்குபவர் மனம் கோணாதிருக்க வேண்டுமே என்று வட்டி கேட்டு வழக்குப் போடும் ஆலைக்காரர் அரிது. மூன்று மாதப் பாக்கிக்காகக் காத்திருப்பவரிடம் போய் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள் என்று கேட்பது நாகரிகம் ஆகாது. கோவில்பட்டியிடம் கற்றுக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வரட்டும்.